இலையைப் பார்க்கிறதா, மண்ணைப் பார்க்கிறதா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்தார். "நீ என்னமோ படத்தைப் பார்த்து இது இன்னதுன்னு சொல்ற கம்ப்யூட்டர் வேலை செய்யறியாமே, அதைப் பத்திப் பேசு. ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். பேசுவது சுலபம். புரியணும் என்றாரே, அதற்குத்தான் ஒரு மாதம் யோசித்தேன். கடைசியில் அமெரிக்காவையும் கலிஃபோர்னியாவையும் விட்டுவிட்டு, நம் ஊர் மரவள்ளிக் கிழங்கைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தேன். சேலம், ஆத்தூர் பக்கத்து நண்பர்கள் குச்சிக்கிழங்கு என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஏன் மரவள்ளி? சின்னசேலத்திலிருந்து ஆத்தூர் வரை பஸ்ஸில் போனால் ஜன்னலுக்கு வெளியே அதுதான். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை, சேராப்பட்டு பக்கம் போனாலும் அதுதான். அதை நம்பித்தான் சேகோ ஃபேக்டரிகள், ஜவ்வரிசி, லாரி, கூலி எல்லாம். இந்தச் செடிக்கு ஒரு நோய் வருகிறது, தேமல் நோய். இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து, இலை கோணிக்கொண்டு, சிறுத்துப் போகும். வைரஸால் வருவது. வெள்ளை ஈ பரப்பும். ஆனால் வெள்ளை ஈயைவிட அதிகமாகப் பரப்புகிறவர்கள் நாம்தான். நோயுள்ள செடியின் தண்டை வெட்டிக் கரணையாக நட்டால், அடுத்த பயிர் நோயோடேயே முளைக்கும். தெளித்தால் சரியாகிவிடும் என்று இதற்கு மருந்து கிடையாது. நோயில்லாத செடியாகப் பார்த்துக் கரணை எடுக்க வேண்டும். நோய் தெரிந்த செடியைப் பிடுங்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் இலை மஞ்சளானால் எல்லாம் தேமல் இல்லை. இரும்புச் சத்து குறைந்தாலும் இளம் இலை வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதற்கு அன்னபேதி கரைத்துத் தெளித்தால் தேறிவிடும். செம்பேன் தாக்கினாலும் மஞ்சள் புள்ளி வரும். மாவுப்பூச்சி வந்தால் நுனி சுருண்டு கொத்தாக நின்றுவிடும். நான்குக்கும் நான்கு வைத்தியம். ஒன்றை இன்னொன்றாக நினைத்தால், தேற வேண்டிய செடியைப் பிடுங்குவோம், பிடுங்க வேண்டியதற்கு மருந்து வாங்குவோம். மரவள்ளி பத்து மாதப் பயிர். தப்பு செய்தோம் என்பது பத்தாவது மாதம் எடைமேடையில்தான் தெரியும்.

இங்கேதான் நம் தம்பிமார் வருகிறார்கள். போன வருடம் இதே கல்லூரியில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் பார்க்க அழைத்திருந்தார்கள். 'டீப் லேர்னிங் மூலம் தாவர நோய் கண்டறிதல்' என்று ஒன்றல்ல, பல. எல்லாவற்றிலும் முகப்பில் 98 சதவீதம், 99 சதவீதம் என்று பெரிய எழுத்தில். "தம்பி, இலை எங்கே எடுத்தது?" என்று கேட்டேன். "இன்டர்நெட்டில் எடுத்தது ஸார்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த மெஷின் எப்படிப் பார்க்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

செல்ஃபோனில் எடுத்த இலையின் படத்தை 224க்கு 224 புள்ளிகளாகச் சுருக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். மொத்தம் 1,50,528 எண்கள். கம்ப்யூட்டருக்கு இலை என்றால் என்ன என்று தெரியாது. தெரிந்ததெல்லாம் இந்த ஒன்றரை லட்சம் எண்கள்தான். அந்த எண்களைப் பல சல்லடைகள் வழியாக அனுப்புகிறோம். சேகோ ஃபேக்டரிக்குள் போனவர்களுக்குத் தெரியும், அரைத்த கிழங்கு ஒரே சல்லடையோடு நின்றுவிடாது. ஒன்றில் திப்பி நிற்கும், அடுத்ததில் இன்னும் நைஸான சக்கை நிற்கும், கடைசியில் மாவுப்பால் மட்டும் தொட்டிக்குப் போகும். இங்கேயும் முதல் சல்லடை கோடுகளையும் ஓரங்களையும் பிடிக்கும். அடுத்தது அந்தக் கோடுகள் சேர்ந்த வளைவு, புள்ளி, திட்டு. அதற்கடுத்தது இலை மடல் போன்ற உருவங்கள். இப்படி அடுக்கடுக்காகப் போவதால்தான் 'டீப்' என்று பெயர், தமிழில் ஆழ்கற்றல் என்கிறார்கள். ஒரே வித்தியாசம், ஃபேக்டரியில் சல்லடைக் கண்ணின் அளவை முதலாளி தீர்மானிக்கிறார். இங்கே மெஷின் தானே தீர்மானித்துக்கொள்கிறது. 'இது தேமல்' என்று பெயர் எழுதிய படத்தைக் காட்டுகிறோம், அது 'செம்பேன்' என்று தப்பாகச் சொல்கிறது, எவ்வளவு தப்பு என்று கணக்குப் போட்டு, கடைசிச் சல்லடையிலிருந்து முதல் சல்லடை வரை பின்னோக்கிக் கொஞ்சம் கொஞ்சம் திருத்துகிறோம். ஆயிரக்கணக்கான படங்கள், திரும்பத் திரும்ப. அதுதான் கற்றல். வேறு மாயம் எதுவும் இல்லை.

சரித்திரத்தையும் நாலு வரியில் முடித்துவிடுகிறேன். ஜப்பானில் ஃபுகுஷிமா 1980இல் இந்த அடுக்குச் சல்லடை அமைப்பை எழுதினார். 1989இல் லெகன் என்ற பிரெஞ்சுக்காரரும் அவர் கூட்டாளிகளும் கையால் எழுதிய பின்கோடு எண்களைப் படிக்க வைத்தார்கள். பிறகு ரொம்ப நாள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2012இல் க்ரிஷெவ்ஸ்கி, சுட்ஸ்கெவர், ஹின்டன் மூவரும் இமேஜ்நெட் போட்டியில், ஆயிரம் வகை, பன்னிரண்டு லட்சம் படங்களில் பழக்கிய ஒரு வலையமைப்பைக் கொண்டுவந்தார்கள். ஐந்து யூகம் சொல்ல அனுமதி, அதில் ஒன்றுகூடச் சரியில்லை என்றால் தப்பு. இரண்டாவதாக வந்தவர்களின் தப்பு 26 சதவீதத்துக்கு மேல், இவர்களுடையது 15.3. அதோடு உலகம் திரும்பிவிட்டது. ஹின்டனுக்கு 2024இல் நோபல் பரிசே கிடைத்தது, அதுவும் பௌதிகத்தில். நம் பௌதிகப் பேராசிரியர் முன்வரிசையில் முகம் சுளிப்பது தெரிகிறது, மன்னிக்கவும் ஸார்.

நம்மைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும் ஒரு சங்கதி, பன்னிரண்டு லட்சம் படம் நமக்கு வேண்டியதில்லை. ஏற்கனவே பழகிய வலையமைப்பை எடுத்துக்கொண்டு, கடைசிச் சில அடுக்குகளை மட்டும் நம் இலைகளைக் காட்டித் திரும்பப் பழக்கலாம். கோடு, வளைவு பார்க்கத் தெரிந்தவனுக்கு இலை பார்க்கச் சொல்லிக் கொடுப்பது போல. 2017இல் டான்ஸானியாவில் மரவள்ளிக்கு இப்படித்தான் செய்தார்கள். 2,756 படங்கள்தான், இன்செப்ஷன் வி3 என்ற ரெடிமேட் வலையமைப்பு, பழக்கத்தில் காட்டாத படங்களில் 93 சதவீதம் சரி.

நிற்க. இப்போது அந்த 99க்கு வருகிறேன்.

தம்பிமார் எடுத்துக்கொண்ட படத்தொகுப்பு பெரும்பாலும் ப்ளான்ட்வில்லேஜ் என்பது. 54,306 இலைப் படங்கள், பயிரும் நோயுமாக 38 வகைகள். 2016இல் மொஹந்தி என்பவரும் மற்ற இருவரும் அதில் ஒரு வலையமைப்பைப் பழக்கி 99.35 சதவீதம் என்று எழுதினார்கள். எல்லோரும் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அதே கட்டுரையில் அவர்களே நேர்மையாக இன்னொன்றும் எழுதியிருக்கிறார்கள். வேறு இடங்களில், வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது அது 31 சதவீதத்துக்குச் சற்று மேல் என்று விழுந்துவிட்டது. 99 எங்கே, 31 எங்கே?

காரணம் என்ன? அந்தத் தொகுப்பில் இலைகளைப் பறித்து, வெறும் தாள் போன்ற பின்னணியில் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். ஒரு நோய்க்கான படங்களை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே தாள்மேல் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மெஷினுக்கு எது சுலபமோ அதைத்தான் படிக்கும். இலையைப் படிப்பதைவிடத் தாளைப் படிப்பது சுலபம். 2022இல் நோயன் என்பவர் ஒரு வேடிக்கை செய்து பார்த்தார். இலையை விட்டுவிட்டுப் பின்னணியிலிருந்து எட்டே எட்டுப் புள்ளிகளை எடுத்து, அதை மட்டும் வைத்து வகை சொல்லச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னால் 38இல் ஒன்று, அதாவது 2.6 சதவீதம் வர வேண்டும். வந்தது 49 சதவீதம். இலையைக் காட்டவேயில்லை, ஐயா! இலையைப் பார்க்காமலேயே பாதி பாஸ்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். நானும் இதே தப்பைச் செய்தவன், அதனால்தான் தம்பிமாரைக் குறை சொல்ல வாய் வரவில்லை என்றேன்.

என் சித்தப்பா சின்னசேலம் பக்கம் குத்தகை நிலத்தில் மரவள்ளி போடுகிறவர். ஒரு பொங்கல் லீவில் வந்தபோது, அவருக்காக ஒரு செயலி செய்யலாம் என்று கிளம்பினேன். நல்ல செடிகளை அவர் கொல்லையில் காலையில் எடுத்தேன். பனி ஈரத்தோடு கரிய மண். தேமல் செடிகளைப் பக்கத்து ஊரில் தெரிந்தவர் நிலத்தில் மத்தியானம் எடுத்தேன். அங்கே செம்மண், தலைக்குமேல் வெயில். ராத்திரி உட்கார்ந்து பழக்கினேன். ஒரு தப்புகூட இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலையில் சித்தப்பாவிடம் போனைக் கொடுத்தேன். அவர் தன் கொல்லையில் நாலைந்து செடி பார்த்தார், எல்லாம் நல்லது என்றது. அப்புறம் என்ன நினைத்தாரோ, ஒரு நல்ல இலையைப் பறித்துக்கொண்டுபோய், வீட்டு வாசலில் கொட்டியிருந்த செம்மண் மேட்டின் மேல் வைத்து ஒரு படம் எடுத்தார். தேமல் என்றது. இலையை எடுத்துவிட்டு வெறும் செம்மண்ணை எடுத்தார். தேமல், 97 சதவீதம் உறுதி என்றது.

"ஏம்பா, மண்ணுக்கு வியாதின்னு சொல்லுதே?" என்றார்.

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார், அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. மெஷின் படத்தின் எந்தப் பகுதியைப் பார்த்து முடிவு செய்தது என்று வண்ணம் பூசிக் காட்டும் வழிகள் உண்டு, 2017இலிருந்து பரவலாகப் பயன்படும் க்ராட்-காம் அதில் ஒன்று. அன்று ராத்திரி அதைப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு வண்ணம் முழுக்க மண்மேல். இலைமேல் ஒரு பொட்டுகூட இல்லை. முதல் நாளே இதைப் பார்த்திருக்கலாம். நூறு வந்துவிட்ட சந்தோஷத்தில் யார் பார்ப்பார்கள்?

ஆக, மாணவத் தம்பிகளுக்கு முதல் சமாச்சாரம் இதுதான். படங்களைக் கலக்கிப் போட்டு, எண்பது பங்கு பழக்கத்துக்கு, இருபது பங்கு பரீட்சைக்கு என்று பிரிக்கிறீர்களே, அது பரீட்சையே இல்லை. ஒரே கொல்லையில் ஒரே காலையில் எடுத்த படங்கள் இரண்டு பக்கமும் இருக்கும். கேள்வித்தாளை முந்தின நாளே கொடுத்த மாதிரி. அதற்குப் பதிலாக, ஒரு ஊரையே தனியாக வையுங்கள். சேராப்பட்டில் எடுத்த எதையும் மெஷினுக்குக் காட்டவே காட்டாதீர்கள். கீழ்நாட்டுப் படங்களில் பழக்கிவிட்டு, கடைசியில் மலைக்குக் கொண்டுபோங்கள். எண் குறையும். எவ்வளவு குறைகிறதோ, அதை முகப்பில் பெரிய எழுத்தில் போடுங்கள். டான்ஸானியாக்காரர்கள் 2019இல் தங்கள் செயலியை வயலுக்குக் கொண்டுபோய் 720 நோயிலைகளில் சோதித்தார்கள். நோய் நன்றாகத் தெரிகிற இலைகளிலேயே அதன் மதிப்பெண் 32 சதவீதம் சரிந்தது, இருக்கிற நோயை அது கவனிக்காமல் விட்டதால். மறைக்காமல் அச்சடித்தார்கள். அதனால் அவர்கள் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

"ஸார், இன்டர்நெட்டில் வயலில் எடுத்த மரவள்ளிப் படங்களே இருக்கிறதே" என்று ஒரு தங்கை அன்றைக்குக் கேட்டாள். நல்ல கேள்வி. இருக்கிறது. உகாண்டாவில் விவசாயிகள் தங்கள் போனில் எடுத்து, மக்கெரெரே பல்கலைக்கழகமும் அந்த நாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலைய நிபுணர்களும் பெயர் எழுதிய சுமார் 21 ஆயிரம் படங்கள். 2020 கடைசியில் உலகப் போட்டியாகவே வைத்தார்கள். முதலாவதாக வந்தவர்கள் சுமார் 91 சதவீதம். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் படங்களில் நூற்றுக்கு 61 தேமல். எந்தப் படத்தையும் பார்க்காமல் எப்போதும் 'தேமல்' 'தேமல்' என்று மட்டும் சொல்கிற ஒரு கிளிக்குக்கூட 61 மதிப்பெண். அப்படியென்றால் 91 என்பதை 0இலிருந்து அளக்கக் கூடாது, 61இலிருந்து அளக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சங்கடம் வகைகளில் இருக்கிறது. அங்கே ஐந்து வகை. அதில் ஒன்று பழுப்புக் கீற்று நோய், கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரிய தலைவலி, நம் ஊரில் கிடையாது. நம் ஊரில் இருக்கிற மாவுப்பூச்சிக்கும் இரும்புக் குறைபாட்டுக்கும் அங்கே வகையே இல்லை. இந்த மெஷின்களுக்கு ஒரு சுபாவம் உண்டு. கொடுத்த வகைகளுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போடும், எல்லாம் கூட்டினால் நூறு வரவேண்டும் என்பது விதி. அதனால் எதைக் காட்டினாலும் ஐந்தில் ஒன்றைச் சொல்லியே தீரும். உங்கள் துண்டைக் காட்டினாலும் ஒரு நோய் சொல்லும். 'எனக்குத் தெரியலைங்க' என்று சொல்ல அதற்கு இயல்பாக வாய் கிடையாது. நாம்தான் தனியாக வைத்துத் தர வேண்டும்.

இதில் என்ன போயிற்று என்கிறீர்களா? மாவுப்பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பி ஆப்பிரிக்காவை ஒரு காலத்தில் உலுக்கிய பூச்சி அது. 2020இல் கேரளத்தில் தென்பட்டு, வெகு சீக்கிரம் சேலம், நாமக்கல் மரவள்ளிக்கு வந்து சேர்ந்தது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு சின்னக் குளவியைத் தருவித்து, 2022 மார்ச் மாதம் நமக்குப் பக்கத்து ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டது. ஆப்பிரிக்காவைக் காப்பாற்றிய அதே குளவி. மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழித்துவிடும். இப்போது, உகாண்டா படங்களில் பழகிய செயலி நம் மாவுப்பூச்சிச் செடியைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஐந்தில் 'பேன்' என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விவசாயி கடைக்குப் போவார், கடைக்காரர் கொடுக்கிற விஷத்தை அடிப்பார். குளவியும் சாகும். படத்தில் வந்த ஒரு தப்பு, பக்கத்துக் கொல்லை வரைக்கும் போகும்.

சரி, இதெல்லாம் ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு மதுரைக்கே போகலாம். சர்க்கரை வியாதியால் விழித்திரை கெடுவதைப் படத்திலிருந்து கண்டுபிடிக்க, கூகுள்காரர்கள் 2016இல் 1,28,175 விழித்திரைப் படங்களில் ஒரு வலையமைப்பைப் பழக்கினார்கள். நான் சொன்ன அதே இன்செப்ஷன் வி3தான். டான்ஸானியா இலைக்கும் விழித்திரைக்கும் ஒரே சல்லடை, கவனியுங்கள். படங்களில் ஒரு பகுதி மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற நம் ஆஸ்பத்திரிகளிலிருந்து போனவை. ஒரு படத்தை ஒரு டாக்டர் பார்த்துப் பெயர் எழுதினால் போதும் என்று அவர்கள் விடவில்லை. 54 கண் டாக்டர்கள், ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு பேர் பார்த்தார்கள். டாக்டருக்கு டாக்டர் தீர்ப்பு வேறுபடும் என்று அவர்களுக்குத் தெரியும். பிறகு அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் வைத்துப் பரீட்சை. 2019இல் முடிவு வந்தது. நோய் உள்ளவர்களில் அரவிந்தில் 88.9 சதவீதம் பேரையும், சங்கர நேத்ராலயாவில் 92.1 சதவீதம் பேரையும் சரியாகப் பிடித்தது. 99 இல்லை, பாருங்க. ஆனால் இந்த 88.9ஐ நான் நம்புவேன், அந்த 99ஐ நம்ப மாட்டேன். அதே மெஷினைத் தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களுக்குக் கொண்டுபோனபோது, நர்ஸுகள் எடுத்த படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று அதுவே திருப்பியனுப்பியது. அறையில் வெளிச்சம் சரியில்லை என்பது போன்ற காரணங்கள். 'தெரியவில்லை' என்று சொல்லத் தெரிந்த மெஷின் அது. நர்ஸுகளுக்கும் நோயாளிகளுக்கும் அலைச்சல்தான், இருந்தாலும் தப்பான தைரியம் கொடுப்பதைவிட அது மேல் என்பது என் அபிப்பிராயம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று மேடை ஏறும் வரை யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடுகிறேன். நான் கருணாபுரத்தில் வளர்ந்தவன். 2024 ஜூன் மாதம் எங்கள் தெருக்களில் நடந்ததை இங்கே இருப்பவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம். அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள், அதில் நிறையப் பேர் எங்கள் ஏரியாக்காரர்கள். சில வாரம் கழித்து ஊருக்கு வந்திருந்தேன். தெருவில் தெரிந்த அக்கா ஒருவர், வீட்டில் சாவு விழுந்தவர், என்னை நிறுத்திக் கேட்டார்: "தம்பி, நீதான் போட்டோ எடுத்தா இன்னதுன்னு சொல்ற மிஷின் செய்யறியாமே. அந்தப் பாக்கெட்டை எடுத்திருந்தா சொல்லியிருக்குமா?"

சொல்லியிருக்காதுக்கா என்றேன். மெத்தனாலும் தண்ணீர் போல, எத்தனாலும் தண்ணீர் போல. இரண்டிலிருந்தும் கேமராவுக்கு வருகிற வெளிச்சம் ஒன்றுதான். லட்சம் பாக்கெட்டைக் காட்டிப் பழக்கினாலும், படத்தில் இல்லாத ஒன்றை அந்தச் சல்லடை பிடிக்காது. லேபில் வேறு கருவியில் போட்டுப் பிரித்தால்தான் தெரியும். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஒருவேளை நான் 'முடியும்' என்று சொல்லியிருந்தால் அவருக்கு இன்னும் அதிகத் துக்கமாக இருந்திருக்கும். யாரோ செய்திருக்கலாமே, செய்யவில்லையே என்று.

மனித உயிரையும் செடியையும் ஒன்றாக வைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு, எந்தப் படத்தை எடுத்தாலும் நான் முதலில் என்னையே கேட்டுக்கொள்வது இதுதான், நான் தேடுவது இந்தப் படத்தில் இருக்கிறதா? மரவள்ளியில் இதற்கு நேரடியான ஒரு விஷயம் உண்டு. கரணைக் கட்டு விலைக்கு வருகிறது, வண்டியில் கட்டுக் கட்டாக. இலை எல்லாம் கழித்த குச்சி. நோயுள்ள செடியின் குச்சியும் நல்ல செடியின் குச்சியும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். என்னிடம் ஒரு வியாபாரி, கட்டைப் படம் எடுத்தால் சொல்கிற மாதிரி செயலி செய்து தரமுடியுமா, நல்ல காசு தருகிறேன் என்று கேட்டார். செய்து கொடுக்கலாம், எதைக் காட்டினாலும் ஏதாவது சொல்லும், சித்தப்பா வீட்டு மண்மேட்டுக்கே சொன்னது போல. முடியாது என்று சொல்லிவிட்டேன். இலை நிற்கும்போதுதான் பார்க்க வேண்டும். அறுவடைக்கு முன்னால், செடி கொல்லையில் நிற்கும்போது, எந்தச் செடியிலிருந்து கரணை எடுக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆகாததற்குத் துணி கட்டிவிட வேண்டும். அங்கே இந்த மெஷின் உதவும். மலைமேல் சிக்னல் கிடைக்காது, அதனால் போனுக்குள்ளேயே ஓடுகிற மாதிரி சின்னதாகச் செய்ய வேண்டும். ஆப்பிரிக்காவில் நூரு என்ற மரவள்ளிச் செயலியை இன்டர்நெட் இல்லாமலே ஓடும்படி செய்திருக்கிறார்கள், ஆக அது முடியாத காரியம் இல்லை.

இல்லாதது படம்தான். நம் முள்ளுவாடி, தாய்லாந்து வெள்ளை ரகங்கள், நம் கரிசல், செம்மண், மலைமண், நம் வெயில், நம் நிழல். பெயர் எழுதுவதற்கும் ஆள் வேண்டும். நாம் நினைக்கிற பெயரை எழுதினால் போதாது. ஒரே இலையை மூன்று பேருக்குத் தனித்தனியாகக் காட்டுங்கள், ஒரு அனுபவசாலி விவசாயி, ஒரு வேளாண் அலுவலர், முடிந்தால் ஆராய்ச்சி நிலையத்துக்காரர் ஒருவர். மூவரும் ஒத்துப்போகாத படத்தைத் தூக்கிப் போடாதீர்கள், தனியாக வையுங்கள். மெஷின் எங்கே 'தெரியலைங்க' என்று சொல்ல வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுக்க அந்தப் படங்கள்தான் பாடப் புத்தகம். நல்ல செடியையும் நோய்ச் செடியையும் ஒரே கொல்லையில், ஒரே மணி நேரத்தில் எடுங்கள். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம். இலையைப் பறிக்காதீர்கள், விவசாயி திட்டுவார்.

இந்த ஆண்டு இறுதியாண்டுத் தம்பி தங்கைகள் யாராவது இதை ப்ராஜெக்டாக எடுத்தால், பழக்குவதற்கான கம்ப்யூட்டர் வசதிக்கும் வயலுக்குப் போகும் பஸ் செலவுக்கும் எங்கள் செட் நண்பர்கள் ஏழு பேர் பொறுப்பு ஏற்கிறோம். துறைத் தலைவர் அம்மாவிடம் நேற்றே பேசிவிட்டேன். ஒரே நிபந்தனை, ஒரு ஊர்ப் படங்களை என்னிடம் கொடுத்துவிட வேண்டும், கடைசிப் பரீட்சை வரைக்கும் திருப்பித் தரமாட்டேன். எந்த ஊர் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

சித்தப்பா இப்போதும் என் செயலியை நம்புவதில்லை. ஆனால் அறுவடைக்கு ஒரு மாதம் முன்னால் சொல்லி அனுப்பினால், கொல்லையைச் சுற்றிக் காட்டுகிறேன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார். காலை ஏழு மணிக்கு மேல் வந்தால் வெயில் தாங்காதாம்.